எகிப்து அட்டைப் பெட்டி: படத்துக்குக் குறை சொல்ல முடியாது, நிறம் பிரித்ததில்தான் தப்பு

ஹட்டன் பஸ் நிலையத்துக்குக் கிட்ட இருக்கிற ஒரு புத்தகக் கடையில் போன தவணை விடுமுறையில் இந்தப் பெட்டியை வாங்கினேன். பழைய எகிப்தின் தெய்வங்களும் விநோத உயிரினங்களும் என்று மேலே அச்சிட்டிருக்கும், உள்ளே 60 அட்டை, 32 பக்கத்தில் ஒரு சின்னக் கையேடு, விலை 3,600 ரூபா. எங்கள் பக்கத்தில் தமிழில் இப்படி ஒரு பொருள் கண்ணில் படுவதே அபூர்வம். நான் பள்ளியில் வரலாறு படிப்பிக்கிற ஆள், வீட்டில் தரம் 7 படிக்கிற மகள் வேறு இருக்கிறாள், அதனால் விலையைப் பார்த்துக் கொஞ்சம் தயங்கினாலும் எடுத்துவிட்டேன். இரண்டு மாதமாக வீட்டிலும் வகுப்பிலும் விளையாடிப் பார்த்த பிறகுதான் எழுதுகிறேன். வாங்கலாம். ஆனால் வாங்கினவுடனே ஒரு பேனாவை எடுத்து நீங்களே சில அட்டைகளைத் திருத்த வேண்டியிருக்கும், ஏன் என்றுதான் இந்த நீண்ட விமர்சனம்.

முதலில் பொருளைப் பற்றி. அட்டை கனமாக இருக்கிறது, மேலே பளபளப்பு இல்லாத மெழுகுப் பூச்சு, கையில் பிடித்தால் வழுக்கவில்லை. இங்கே ஜூன், ஜூலையில் அடிக்கிற மழையில் கடதாசிச் சாமான் எதுவும் ஒரு வாரத்தில் சுருளும், பிள்ளைகளின் அப்பியாசக் கொப்பியே ஈரம் குடித்து ஊதிப் போகும். இந்த அட்டைகள் இரண்டு மாதமாக வெறும் மேசை மேலே கிடந்தும் வளையவில்லை. பெட்டியின் மூடிதான் ஒரு மூலையில் பிரிந்துவிட்டது, பசை வைத்து ஒட்டிக்கொண்டேன். படங்களை வரைந்தவர் யாரோ, பெயர் போடவில்லை, ஆனால் அவருக்கு எகிப்து ஓவியம் நன்றாகத் தெரிந்திருக்கிறது: முகம் பக்கவாட்டில், தோள் நேராக, கால் மறுபடி பக்கவாட்டில் என்று அந்த ஊர் முறை மாறாமல் வரைந்திருக்கிறார். பெஸ் என்கிற குள்ளத் தெய்வத்தை மட்டும் நம்மை நேராகப் பார்க்கிற மாதிரி வரைந்திருக்கிறார், அதுவும் சரி, எகிப்தியர் அவனை அப்படித்தான் வரைந்தார்கள்.

விளையாட்டு இப்படி. முன்பக்கத்தில் படம், பின்பக்கத்தில் பெயரும் நாலு வரி விளக்கமும். பின்பக்க ஓரம் தங்க நிறம் என்றால் தெய்வம், பச்சை என்றால் உயிரினம். ஒருவர் படத்தைக் காட்ட மற்றவர் தெய்வமா உயிரினமா என்று சொல்ல வேண்டும், சரியாகச் சொன்னால் 2 புள்ளி. 36 அட்டை தங்கம், 24 பச்சை. சரி, எதை வைத்துப் பிரித்தார்கள் என்று பார்த்தால், கையேட்டின் 3ஆம் பக்கத்தில் விதி ஒன்று எழுதியிருக்கிறது: மனித உடல் இருந்தால் தெய்வம், உடல் முழுக்க விலங்காகவோ பல விலங்குகளின் கலப்பாகவோ இருந்தால் உயிரினம். அவ்வளவுதான். நரித்தலை அனுபிஸ் தங்கம், ஏனென்றால் கழுத்துக்குக் கீழே மனிதன். பருந்துத்தலை ஹோரஸ் தங்கம், அரிவாள்மூக்கன் பறவைத்தலைத் தோத் தங்கம். இதுவரைக்கும் பிரச்சினை இல்லை.

பிரச்சினை இரண்டாவது நாளே வந்தது. மகள் அடுத்தடுத்து இரண்டு அட்டை எடுத்தாள், ஒன்று தவெரெத், மற்றது அம்மித். இரண்டும் பச்சை. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தவள், "அம்மா, ரெண்டுலயும் முதலை, சிங்கம், நீர்யானை மூணுந்தான் இருக்கு, பிறகு எதுக்கு ரெண்டு பேரு?" என்று கேட்டாள். நல்ல கேள்வி, பெட்டியைத் தயாரித்தவர்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

தவெரெத் நீர்யானை உடம்போடு பின்னங்காலில் நிற்பாள், பிள்ளைத்தாய்ச்சி வயிறு, தொங்கும் மார்பு, கை கால் சிங்கத்தினுடையது, முதுகும் வாலும் முதலை. பார்த்தால் பயமாகத்தான் இருக்கும், பயமாக இருக்க வேண்டும் என்றுதான் அப்படி இருக்கிறாள், ஏனென்றால் அவள் வேலை பிரசவ அறைக்குள் கெட்டது எதுவும் நுழையாமல் நிற்பது. கர்ப்பிணிகள் அவள் உருவத்தைத் தாயத்தாகக் கட்டிக்கொண்டார்கள். கட்டிலிலும் தலைக்கட்டையிலும் அவளைச் செதுக்கினார்கள். அவளிடம் வேண்டிக்கொண்டார்கள், படையல் வைத்தார்கள்.

அம்மித்துக்கு முதலைத் தலை, முன்பாதி சிங்கம், பின்பாதி நீர்யானை. செத்தவரின் இதயத்தைத் தராசில் ஒரு தட்டிலும் மாத் என்கிற உண்மையின் இறகை மறு தட்டிலும் வைத்து நிறுக்கும்போது தராசுக்குப் பக்கத்தில் காத்திருப்பாள், நிறுவையில் தோற்ற இதயத்தைத் தின்றுவிடுவாள். கி.மு. 1250 வாக்கில் அனி என்கிறவருக்காக எழுதப்பட்ட பாப்பிரஸ் என்கிற நாணல்தாள் சுருளில், இப்போது லண்டன் பிரித்தானிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது, எழுதிக்கொண்டு நிற்கிற தோத்துக்குப் பின்னால் அவள் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கலாம். அவளுக்குக் கோயில் இல்லை, பூசாரி இல்லை, வீட்டில் யாரும் அவளுக்கு ஒரு பிடி ரொட்டி வைத்து வேண்டிக்கொண்டதில்லை. செத்த பிறகு அவள் பக்கம் போகாமல் தப்பிக்க வேண்டும் என்பது மட்டும்தான் எல்லோருக்கும் இருந்த நினைப்பு.

ஆக, உடம்பின் பாகங்கள் ஒன்றே. ஒருத்தியை மனிதர்கள் கும்பிட்டார்கள், மற்றவளைக் கும்பிடவில்லை. இந்தப் பெட்டி பார்க்கத் தவறியது இதைத்தான்: எகிப்தில் தெய்வத்தையும் விநோத உயிரையும் பிரிக்கிற கோடு உடம்பில் ஓடவில்லை, மனிதர்கள் அதற்கு முன்னால் என்ன செய்தார்கள் என்பதில் ஓடுகிறது.

அன்றைக்கு என் அம்மா எங்கள் வீட்டில்தான் இருந்தார். தேயிலைத் தோட்டத்தில் முப்பது வருசம் கொழுந்து எடுத்தவர், பள்ளிக்கூடம் அதிகம் போகவில்லை. தவெரெத் படத்தைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, இது எதுக்கு என்று கேட்டார், பிள்ளைப்பேறுக்குக் காவல் என்று சொன்னேன். "அப்ப சாமிதானே, ஏன் வேற கலர்ல போட்டிருக்கான்?" என்றார். அம்மாவுக்கு அது ஒரு நொடியில் விளங்கியதற்குக் காரணம் இருக்கிறது. எங்கள் தோட்டங்களில் ஸ்டோருக்குள்ளே, அதாவது தேயிலைத் தொழிற்சாலைக்குள்ளே, ரோதமுனி இருக்கிறார், கொழுந்து அரைக்கிற ரோதைக்கு அவர்தான் காவல், கோபுரமும் இல்லை, கும்பாபிஷேகமும் இல்லை, விளக்கு வைப்பார்கள், தேங்காய் உடைப்பார்கள். தேயிலையைக் கவ்வாத்து வெட்டத் தொடங்கும்போது மலையிலேயே ஒரு கல்லை வைத்துக் கவ்வாத்து சாமிக்குப் பூசை போடுவார்கள். அந்தக் கல்லுக்கு முகமும் கிடையாது. அது சாமியா இல்லையா என்று யாரும் உருவத்தைப் பார்த்து முடிவு செய்ததில்லை.

எகிப்தியர் தெய்வத்துக்கு வைத்திருந்த சொல் நெச்சர். அதைப் படவெழுத்தில் எழுதும்போது போட்ட குறி என்ன தெரியுமா, ஒரு கம்பமும் அதன் உச்சியில் பறக்கிற துணியும். கோயில் வாசலில் நடுகிற கொடிதான் அது. தெய்வம் என்கிற சொல்லை எழுத அவர்கள் தலையையோ கண்ணையோ கிரீடத்தையோ எடுக்காமல், இங்கே ஒரு தெய்வம் இருக்கிறது என்று தூரத்தில் வருகிறவனுக்குச் சொல்கிற கொடியை எடுத்திருக்கிறார்கள். மலையில் நடந்து போகும்போது மரத்தடியில் மூங்கிலில் கட்டின சிவப்புத் துணியைப் பார்த்தால் நாம் செருப்பைக் கழற்றுவோமே, அது நினைவுக்கு வந்தது. கையேட்டில் இந்தக் குறியின் படம் முன் அட்டையிலேயே அலங்காரமாக அச்சாகியிருக்கிறது, ஆனால் அது என்ன என்று உள்ளே ஒரு வரியும் இல்லை.

பெஸ்ஸைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். இவனுக்கு இரண்டு கால் இருப்பதால் தங்க ஓரம் கிடைத்திருக்கிறது. குள்ள உருவம், சிங்கப் பிடரி, நாக்கை வெளியே நீட்டிக்கொண்டிருப்பான், குழந்தையையும் தாயையும் தூங்குகிறவர்களையும் காப்பது அவன் வேலை. நெடுங்காலம் அவனுக்கென்று பெரிய கோயில் கிடையாது, வீட்டுக்குள்ளேதான் இருந்தான். மன்னர்களின் கல்லறைகளை வெட்டின தொழிலாளர்கள் குடியிருந்த தெய்ர் எல் மெதினா என்கிற ஊரில் முன்னறைச் சுவரில் அவன் ஓவியத்தைக் கண்டெடுத்திருக்கிறார்கள். அந்த ஊரைப் பற்றி வாசித்தால் நமக்கு நெஞ்சில் ஏதோ செய்யும்: ஒரே சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் என்று ஒட்டி ஒட்டிக் கட்டின சுமார் 70 வீடு, எங்கள் தோட்டத்துத் தொழிலாளர் குடியிருக்கிற அசல் லயம், கூலி தானியமாக அளந்து கொடுக்கப்பட்டது, மூன்றாம் ராம்செஸ் ஆட்சியின் 29ஆவது ஆண்டில் அந்தத் தானியம் வராமல் போனபோது கருவிகளைக் கீழே வைத்துவிட்டுப் போய் உட்கார்ந்தார்கள், எழுத்தில் பதிவாகியிருக்கிற மிகப் பழைய வேலைநிறுத்தம் அதுதான் என்கிறார்கள். அந்த வீடுகளில் இருந்தது பெஸ்ஸும் தவெரெத்தும். அரசன் கட்டின கோயிலில் இருப்பவர் மட்டும் தெய்வம் என்று எடுத்துக்கொண்டால் அந்தத் தொழிலாளிகளின் தெய்வங்கள் எல்லாம் பச்சை ஓரத்துக்குப் போய்விடும். பிற்காலத்தில் பெஸ்ஸுக்கும் காலம் வந்தது, ரோமர் ஆட்சியில் அபிதோஸில் அவனிடம் குறி கேட்க ஊர் ஊராக ஆட்கள் வந்தார்கள், கி.பி. 359இல் பேரரசர் இரண்டாம் கான்ஸ்டான்டியஸ் தலையிடும் வரைக்கும் அது நடந்தது.

வகுப்பில் விளையாட வைத்தபோது பிள்ளைகள் தங்கள் பங்குக்கு வேறு விதிகள் சொல்லிப் பார்த்தார்கள். ஒரு பிள்ளை, சாகாதது சாமி, சாகிறது மிருகம் என்றாள். அது எகிப்தில் நிற்காது. ஒசிரிஸைத் தம்பி செத் கொன்றான், துண்டு துண்டாக வெட்டினான், ஒசிரிஸ் செத்தவர்களின் அரசனாகத்தான் தெய்வமாக இருக்கிறான். சூரியத் தெய்வம் ரா கூட வயதாகி வாயில் எச்சில் ஒழுகினதாக ஒரு கதை இருக்கிறது, ஐசிஸ் என்கிற தேவி அந்த எச்சிலை மண்ணோடு பிசைந்து பாம்பு செய்து அவரையே கடிக்க வைத்து அவருடைய இரகசியப் பெயரைப் பிடுங்கிக்கொள்கிறாள். அவர்கள் தெய்வங்களுக்கு மூப்பும் உண்டு, சாவும் உண்டு.

இன்னொரு பையன், நல்லது செய்தால் சாமி, கெட்டது செய்தால் பூதம் என்றான். கையேடும் இதே பக்கம்தான் சாய்கிறது, செத் அட்டையில் தீய சக்தி என்று போட்டிருக்கிறார்கள். அண்ணனைக் கொன்றவன், சரி, ஆனால் அவனுக்கு நகாதா பக்கத்தில் பழங்காலம் தொட்டே கோயில் இருந்தது, செத்தின் ஆள் என்று பொருள் வரும் சேத்தி என்கிற பெயரை இரண்டு அரசர்கள் வைத்துக்கொண்டார்கள், அதில் முதலாமவர் பெரிய ராம்செஸின் தகப்பன். ஒவ்வொரு இரவும் சூரியன் போகிற படகின் முன்னால் நின்று அபெப் என்கிற பெரும்பாம்பை ஈட்டியால் குத்துகிறவனும் இந்தச் செத் தெய்வம்தான். கோபக்காரத் தெய்வம், பாலைவனத்துக்கும் புயலுக்கும் உரியவன். மாடசாமிக்குக் கோபம் வரும் என்று பயந்துகொண்டே பூசை போடுகிற நமக்கு இதை யாரும் விளக்கத் தேவையில்லை.

அபெப் அப்படி இல்லை. அந்தப் பாம்புக்குப் பச்சை ஓரம் போட்டது சரியே, காரணம்தான் தப்பு. அபெப்பை யாரும் கும்பிடவில்லை, ஆனால் கோயிலில் அதற்கென்று ஒரு சடங்கே இருந்தது, எதிர்ச்சடங்கு. கி.மு. 4ஆம் நூற்றாண்டின் கடைசியில் எழுதப்பட்ட ஒரு சுருளில் செய்முறை இருக்கிறது: புதுப் பாப்பிரஸில் பச்சை மையால் பாம்பை வரை, மெழுகிலும் செய், அதன் மேல் துப்பு, இடது காலால் மிதி, கத்தியால் வெட்டு, நெருப்பில் போடு. பெயரை எழுதும்போது பாம்புக் குறியின் உடம்பிலே கத்திகளைச் செருகி எழுதினார்கள், எழுத்தில்கூட அது எழுந்துவிடக் கூடாது என்று. படையலுக்குப் பதிலாகத் துப்பல். செத்துக்கும் அபெப்புக்கும் உள்ள வித்தியாசம் இவ்வளவு தெளிவாக இருக்க, அபெப் அட்டையின் பின்னால் பாம்புத் தெய்வம் என்று எழுதி ஓரத்தைப் பச்சையாக அடித்திருக்கிறார்கள், ஒரே அட்டையிலேயே இரண்டு பேச்சு.

எனக்கு மிகவும் வருத்தம் தந்தது ஸ்பிங்க்ஸ் அட்டை, சிங்க உடம்பில் மனிதத் தலை வைத்த அந்தப் பெரிய கல் சிலை. படம் அழகு, கீசாவின் மணலும் மாலை வெயிலும் அப்படியே இருக்கிறது, பின்பக்கம் 73 மீற்றர் நீளம், 20 மீற்றர் உயரம், ஏறக்குறைய கி.மு. 2500, காஃப்ரே அரசன் காலம் என்று சரியாகப் போட்டுவிட்டு, பச்சை ஓரம். அது காஃப்ரே காலத்தில் என்னவாக இருந்ததோ, ஆயிரம் வருசம் கழித்துக் கதை வேறு. புதிய இராச்சியக் காலத்தில் அதை ஹோர் எம் ஆகெத், அடிவானத்தில் இருக்கிற ஹோரஸ் என்று பெயரிட்டுக் கும்பிட்டார்கள். பக்கத்திலேயே இரண்டாம் அமென்ஹோதெப் ஒரு கோயில் கட்டினார். அவர் மகன் நான்காம் துத்மோஸ் இளவரசனாக இருந்தபோது வேட்டைக்கு வந்த இடத்தில் அதன் நிழலில் தூங்கிப் போனதாகவும், அது கனவில் வந்து, என்னை மூடியிருக்கிற மணலை அள்ளு, உனக்கு அரசைத் தருகிறேன் என்று சொன்னதாகவும் கல்வெட்டு இருக்கிறது, கி.மு. 1400 வாக்கில் நட்ட அந்தக் கல் இன்றைக்கும் அதன் முன்னங்கால்களுக்கு நடுவே நிற்கிறது. சாதாரண சனங்கள் காது செதுக்கின சின்னச் சின்னக் கற்களைக் கொண்டுவந்து வைத்தார்கள், வேண்டுதல் கேட்கட்டும் என்று. அரசனின் காவல் சிலையாக நின்ற ஒரு கலப்புருவம் சனங்கள் பேசத் தொடங்கியபோது தெய்வமானது. அட்டையில் இது எதுவும் இல்லை. நாலு வரி இடத்தில் ஒரு வரியை இதற்குக் கொடுத்திருக்கலாம்.

பச்சை ஓரம் உண்மையாகவே பொருந்துகிற அட்டைகளும் இருக்கின்றன, அவற்றைப் பாராட்டாமல் விடக் கூடாது. நார்மர் என்கிற பழைய அரசனின் செதுக்கல் பலகையில், கி.மு. 3100 வாக்கு, இரண்டு சிறுத்தை போன்ற விலங்குகள் பாம்பு மாதிரி நீண்ட கழுத்துகளைப் பின்னிக்கொண்டு நிற்கும், அதை அப்படியே எடுத்து வரைந்திருக்கிறார். பெனி ஹசன் கல்லறைகளின் சுவரில் வேட்டைக் காட்சி ஒன்று உண்டு, ஏறக்குறைய 4,000 வருசத்துக்கு முந்தியது, மானும் முயலும் ஓடுகிற அதே பாலைவனத்தில் முதுகில் இறக்கையும் அதன் நடுவே ஒரு மனிதத் தலையும் முளைத்த மிருகம் ஒன்றும், பாம்புக் கழுத்து மிருகமும், நிமிர்ந்த காதோடு செத்தின் மிருகமும் நடந்து போகும். அதுவும் ஒரு அட்டை, பெட்டியிலேயே எனக்குப் பிடித்த அட்டை. எகிப்தியனுக்கு நைல் கரையின் கறுப்பு மண் வீடு, அதைத் தாண்டின சிவப்பு மணலில் எது வேண்டுமானாலும் நடமாடலாம். இவற்றுக்குப் பெயர் சொல்லி விளக்கு வைத்தவர் யாரும் இல்லை. விநோத உயிர் என்று சொன்னால் இவற்றைத்தான் சொல்ல வேண்டும்.

இதை விளக்கிக்கொண்டிருந்தபோது வகுப்பில் ஒரு பையன் எழுந்து, டீச்சர், நம்ம கோயில் தூண்ல இருக்கிற யாளி மாதிரியா என்று கேட்டான். அதேதான். யாளியைத் தொட்டுப் பார்க்கிறோம், பக்கத்தில் நின்று போட்டோ எடுக்கிறோம், அதற்கு யாரும் அர்ச்சனைச் சீட்டு எடுப்பதில்லை. உடனே இன்னொருத்தி, அப்ப நந்திக்கு மாலை போடுறாங்களே என்று கேட்க, அடுத்த இருபது நிமிசம் பாடம் அதிலேயே போனது, மயில் வரைக்கும் வந்து நின்றது. மெம்பிஸ் நகரில் அபிஸ் என்று ஒரு காளை இருந்ததைச் சொன்னேன், ஒரு நேரத்தில் ஒன்றுதான், குறிப்பிட்ட அடையாளங்கள் பார்த்துத் தேடிப் பிடிப்பார்கள், ப்தா என்கிற தெய்வத்தின் தூதுவனாகக் கோயிலிலேயே வளரும், செத்தால் மம்மியாக்கிச் சக்காராவில் நிலத்துக்கடியில் பெரிய கல்பெட்டிகளில் அடக்கம், 1851இல் மரியெத் என்கிற பிரெஞ்சுக்காரர் அந்தச் சுரங்கத்துக்குள் போனார். அபிஸ் இந்தப் பெட்டியில் பச்சை. நாலு கால் இருப்பதுதான் காரணம்.

சில அட்டைகளில் தயாரிப்பாளர்களை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை, விசயமே சிக்கலானது. பாதாள வழியில் ஒவ்வொரு வாசலிலும் கத்தியோடு உட்கார்ந்திருக்கிற காவலர்கள் இருக்கிறார்கள், செத்தவர் அவர்கள் ஒவ்வொருவரின் பெயரையும் சரியாகச் சொன்னால்தான் வழி விடுவார்கள், பெயர்ப் பட்டியலைச் சுருளில் எழுதிப் பிணத்தோடு வைத்தார்கள். செக்மெத் என்கிற சிங்கத்தலைத் தேவி அனுப்புகிற தூதர்கள் இருக்கிறார்கள், வருசத்தின் கடைசி 5 நாட்களில் நோயைக் கொண்டுவருகிறவர்கள், அந்த நாட்களில் கழுத்தில் மந்திரித்த துணி கட்டிக்கொள்வார்கள். இவர்களுக்கெல்லாம் கோயில் இல்லை, ஆனாலும் நெச்சர் என்கிற அதே சொல்லை இவர்களுக்கும் சில இடங்களில் பயன்படுத்தியிருக்கிறார்கள். மூன்றாம் துத்மோஸின் கல்லறை முன்னறைச் சுவரில் 741 பெயர்களும் உருவங்களும் கொண்ட பட்டியல் இருக்கிறது, அதில் பெரும்பாலானவர்களுக்கு வெளியே எங்கும் ஒரு கற்பூரம்கூடக் காட்டியிருக்க மாட்டார்கள். மறுபக்கம், நிலத்தின் தெய்வம் கெப்புக்கும் வானத்தின் தெய்வம் நூத்துக்கும் பெரிய கோயில்கள் என்று சொல்ல ஒன்றுமில்லை, அதற்காக அவர்களைத் தெய்வம் இல்லை என்று யார் சொல்வது. பூதம், அரக்கன், உயிரினம் என்று நாம் ஒரே கூடையில் போடுகிற எல்லாவற்றுக்கும் சேர்த்து எகிப்திய மொழியில் ஒரு பொதுச் சொல்லே இருக்கவில்லை. இந்த வாசல் காவலர்களைக் கையேட்டின் விதி மனித உடம்பு இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு தங்க ஓரத்தில் சேர்த்து, ஐசிஸுக்குச் சமமாக 2 புள்ளி கொடுக்கிறது.

அதனால் நான் என்ன செய்தேன் என்றால், மூன்றாவது நிறம் ஒன்று சேர்த்துவிட்டேன். கும்பிட்டு, படைத்து, வேண்டிக்கொண்டவர்கள் தங்கம். சுவரிலும் கதையிலும் மட்டும் நடமாடுகிறவை பச்சை. இடையில் நிற்கிற காவலர்கள், தூதர்கள், அம்மித் எல்லோருக்கும் மூலையில் ஊதாப் பொட்டு. தவெரெத், அபிஸ், ஸ்பிங்க்ஸ் மூன்றுக்கும் தங்க நிறக் கடதாசியை வெட்டி ஓரத்தில் ஒட்டினேன். பென்னு என்கிற நாரையையும் தங்கத்துக்கு மாற்றினேன், ஹெலியோபோலிஸில் அது ராவின் ஆன்மா என்று போற்றப்பட்ட பறவை, கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதின 500 வருசத்துக்கு ஒருமுறை வருகிற பறவைக் கதைக்கும் இதற்கும் தொடர்பு சொல்வார்கள். மனிதத் தலையுள்ள பறவையாக வருகிற பா அட்டையை மட்டும் விளையாட்டிலிருந்து எடுத்துவிட்டேன், அது தெய்வமும் இல்லை விலங்கும் இல்லை, ஒவ்வொரு மனிதனின் சொந்த ஆன்மாவில் ஒரு பகுதி. இப்படிப் பொட்டு வைத்த பிறகு விளையாட்டு கடினமாகிவிட்டது, அதோடு நன்றாகவும் ஆகிவிட்டது, ஏனென்றால் படத்தைப் பார்த்து மட்டும் இனிப் பதில் சொல்ல முடியாது, பின்னால் இருக்கிற நாலு வரியை வாசித்து நினைவில் வைத்திருக்க வேண்டும்.

தமிழ் எப்படி என்று கேட்பவர்களுக்கு: பெரும்பாலும் பரவாயில்லை. பெயர்களை ஒரே மாதிரி எழுதவில்லை, கையேட்டில் தோத், அட்டையில் தொத். மாத்தின் இறகை ஓரிடத்தில் பறவைச் சிறகு என்று போட்டு அர்த்தத்தைக் கெடுத்துவிட்டார்கள். கோயிலில் தினமும் நடந்த பூசையைப் பற்றின பக்கம் நன்றாக இருக்கிறது, விடியலில் பூசாரி கருவறைக் கதவின் களிமண் முத்திரையை உடைத்துத் திறந்து, தெய்வத்துக்குத் தைலம் பூசி, உடை மாற்றி, உணவு வைத்து, பிறகு அந்த உணவைப் பூசாரிகள் பகிர்ந்துகொண்டது வரைக்கும் வரிசையாகச் சொல்கிறது. இந்தப் பக்கத்தை எழுதினவரும் 3ஆம் பக்கத்தின் விதியை எழுதினவரும் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளவில்லை போலிருக்கிறது. இம்ஹோதெப் இல்லாதது பெரிய குறை: ஜோசர் அரசனின் படிப் பிரமிடைக் கட்டின மனிதர், இரண்டாயிரம் வருசம் கழித்து நோய் தீர்க்கும் தெய்வமாக ஃபிலேயில் கோயில் கண்டவர். ஒரு மனிதனே தங்க ஓரத்துக்குள் வந்த கதை, பிள்ளைகள் அதைக் கட்டாயம் கேட்க வேண்டும்.

பெட்டிக்குப் பின்னால் இருந்த முகவரிக்கு இந்தத் திருத்தங்களை எழுதி அனுப்பி ஆறு வாரம் ஆகிறது, பதில் வரவில்லை. அதனால்தான் தயாரித்தவர்களின் பெயரை இங்கே போடாமல் விசயத்தை மட்டும் எழுதுகிறேன், அடுத்த பதிப்பில் திருத்தினால் சந்தோசம். கடைக்காரர் மேல் எந்தக் குறையும் இல்லை, ஒரு அட்டை கிழிந்திருந்ததைக் காட்டியதும் பேச்சில்லாமல் வேறு பெட்டி மாற்றிக் கொடுத்தார்.

10 வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் இருக்கிற வீட்டுக்கும் பள்ளி நூலகத்துக்கும் வாங்கலாம். படத்துக்கு 10க்கு 9, பிரித்த முறைக்கு 10க்கு 4. சின்னப் பிள்ளைகளிடம் தனியாகக் கொடுத்துவிடாதீர்கள், பெரியவர் ஒருவர் கூட உட்கார வேண்டும். நேற்றுப் போய் பள்ளிக்கென்று இன்னொரு பெட்டி வாங்கி வந்தேன், இந்த முறை பொட்டு வைக்கிற வேலையை மகள் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டிருக்கிறாள், செத்தின் மிருகத்துக்கு எந்த நிறம் என்பதில் எங்கள் இரண்டு பேருக்கும் இன்னும் வழக்குத் தீரவில்லை.